நந்தியாவட்டையில் இரண்டு கண்

"கண்ண எடுத்துப்போடாத கண்ணு. நீ பாத்துட்டே நின்னீன்னா அது நகுராது. முழுகாம இருக்கறவ கண்ணுல பட்ட பாம்பு கட்டிப்போட்ட மாதிரி நிக்கும். நான் போயி செல்லமுத்தண்ணனக் கூட்டியாறன்" என்று சொல்லி, பூப்பறித்த கிண்ணத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு அம்மா போயே போய்விட்டாள். "நாமளே ஒரு கோல எடுத்து முடுக்கி உட்ரலாம்மா" என்று கோகிலவாணி சொல்லிப் பார்த்தாள். "கெட்டுது போ! வவுத்துப்புள்ளக்காரி இருக்கற வூட்டுல பாம்பத் தொடப்படாது. அடிச்சா வேத்து மனுசந்தான் அடிக்கோணும்" என்று சந்திலிருந்து குரல் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், வாணியும் அவள் வயிறும், வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களும், கைக்கெட்டும் தூரத்தில் நந்தியாவட்டைச் செடியும், செடிக்குள் இலைகளுக்கு நடுவே இரண்டு கண்ணும் மட்டும்தான் பாக்கி.

கண் என்றால் சாதாரணக் கண்ணா? வெளுத்த நீலத்தில், சுற்றிலும் கறுப்பு வளையம் கட்டி, இமை என்கிற சமாச்சாரமே இல்லாமல் இவளையே பார்க்கிற கண். அதற்குப் பின்னால் கட்டைவிரல் பருமனுக்குப் பச்சைக் கழுத்து ஒன்று வளைந்து மேலே போய் இலைக்குள் மறைந்திருந்தது. மிச்சம் எவ்வளவு நீளம் உள்ளே இருக்கிறதோ யார் கண்டது. பச்சைப் பாம்புக்குக் கண்கொத்திப் பாம்பு என்று இன்னொரு பேர் உண்டு என்பது அவளுக்கு இந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கண்ணைக் கொத்துகிற பாம்பைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் பெற்ற தாய். சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் வளையல் குலுங்கும், வளையல் சத்தம் கேட்டால் பாம்பு என்ன செய்யும் என்று அம்மா சொல்லவில்லை, பாம்புக்குக் காது கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், ஆனால் இந்த ஊர்ப் பாம்புகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் தெரிந்திருக்குமா, இதுகளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா தங்கமணிக்கும் பக்கத்து வீட்டு மல்லிகாக்காவுக்கும் தெரிந்ததுதான். மாசமாக இருக்கிறவளைப் பார்த்தால் பாம்புக்குக் கண் மங்கிப்போகும், உடம்பு கட்டிப்போகும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அது கொடுக்கிற மரியாதை. வாணியும் சின்ன வயசிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள்தான். நம்பினாளா என்றால் நம்பவில்லை, நம்பவில்லையா என்றால் இப்போது நம்பிக்கொண்டு நிற்கிறாள். அதுவும் நிஜமாகவே நகரவில்லையே. தலையை உள்ளே இழுத்துக் கழுத்தை உப்பிக்கொண்டு கல்லாகச் சமைந்து நிற்கிறது. பரவாயில்லையே, எனக்குக்கூட ஒரு பவர் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில், தைத்து வருவதைச் சரிபார்க்கிற செக்கிங் செக்சனில் இவள் பார்வைக்குப் பயப்படாத டெய்லர் கிடையாது. நாலடி தள்ளி நின்றே காலர் ஒரு நூல் அளவுக்குக் கோணியிருப்பதைச் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்கு ஒரு பாம்பு கட்டுப்படுவதில் என்ன ஆச்சரியம்.

அப்போதுதான் அது நகர்ந்தது. லேசாகத்தான், உப்பின கழுத்து கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான், ஆனால் நகர்ந்தது. வாணிக்கு முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. ஓடலாம் என்றால் கால் வரவில்லை, கட்டிப்போட்டது பாம்பையா இவளையா என்றே தெரியவில்லை. நகர்ந்துவிட்டதே. அப்படியென்றால்? அப்படியென்றால் ஒன்று அது பாம்பில்லை, இல்லை இவள் முழுகாமல் இல்லை. வயிறு முன்னால் நிற்கிறது, கல்யாணப் பூசணி மாதிரி, காலைக் குனிந்து பார்த்தே மாசக்கணக்காகிறது, அது பொய்யில்லை. ஆனால் பாம்பு வயிற்றையா பார்க்கும், உள்ளே இருப்பதைத்தானே பார்க்கும். இவள் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டதா. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதது, புருஷன் பிரபாகருக்குத் தெரியாதது, அம்மாவுக்குத் தெரியாதது, ராத்திரி ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு இவள் மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்கிற அது. பாசம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். எல்லாருக்கும் வந்துவிட்டது, இவளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நர்சம்மா சொன்னார்கள், வயித்துப்புள்ளகிட்டப் பேசும்மா, அதுக்குக் கேக்கும். பிரபாகர் வேலை விட்டு வந்ததும் நிட்டிங் மிஷின் எண்ணெய் வாசனையோடு வயிற்றில் காதை வைத்து, தங்கம், அப்பா வந்துட்டன், என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். அம்மாவோ சாமி, ராசா, என்ர குட்டி என்று மூணு வேளையும் கொஞ்சுவாள். நீயும் ஏதாச்சும் பேசு புள்ள என்பார்கள். இவள் வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது, ம்ம் என்பாள். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு என்ன கேட்பது என்று மறந்துபோய் நிற்கிற மாதிரி இருக்கும். தாய்க்காரிக்கே இல்லாத பிடிப்பைப் பாம்பு எப்படி மதிக்கும்? நீ சும்மா வயிறு பெருத்தவள், போ, என்று அது இறங்கி வரப்போகிறது, செல்லமுத்தண்ணன் இன்னும் என்ன செய்துகொண்டிருக்கிறார், டீ குடித்துக்கொண்டிருப்பார், டீ குடிக்காமல் அவர் எந்தப் பாம்புக்கும் எழுந்து வரமாட்டார்.

அது இறங்கி வரவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது, நீட்டியது, அந்த இரண்டு கண்ணுக்கும் முன்னாலிருந்து, அதற்கும் கீழே, சட்டைக்குள்ளிருந்து தலை வருகிற மாதிரி ஒரு சின்ன மொட்டை முகம் வெளியே வந்தது. பட்டாணி அளவுதான் இருக்கும். அது இலையின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழாகக் கத்தரிக்க ஆரம்பித்தது. கத்தரித்தது என்றால் வாணியின் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர்கூட அப்படி வளைவு எடுக்கமாட்டார். மேலே போய் ஆரம்பித்து, அரைவட்டமாகக் கீழே வந்து, திரும்ப மேலே போய். வாணி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பாம்பு எங்கேயாவது இலை தின்னுமா. அந்தப் பெரிய கண்கள் அசையவே இல்லை, தின்கிற தலைக்குப் பின்னால் முதுகில் சும்மா உட்கார்ந்திருந்தன, பட்டன் மாதிரி. பட்டனேதான்! ஓட்டை இல்லாமல் பளபளவென்று ஜாக்கெட்டுக்குத் தைக்கிற ரகம். காற்று வந்து இலை விலகியது. உடம்பு முழுக்கத் தெரிந்தது. கண்கொத்திப் பாம்பின் மொத்த நீளமே அவள் நடுவிரல் அளவுதான். பின்பக்கம் மஞ்சளாக ஒரு குட்டிக் கொம்பு. கீழே தடித்தடியாகக் குட்டைக் கால்கள், ஒவ்வொன்றும் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. புழு.

புழு என்று தெரிந்ததும் நியாயமாகப் பார்த்தால் அவள் அலறியிருக்க வேண்டும். பாம்புக்குக்கூட அவள் அவ்வளவு பயந்தவள் இல்லை, புழு என்றால் ஊரைக் கூட்டுகிறவள். கல்யாணமான புதிதில் கத்திரிக்காய் நறுக்கும்போது உள்ளே ஒன்று நெளிந்ததைப் பார்த்து அரிவாள்மணையோடு எழுந்து ஓடியவள், அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்திரிக்காய் நறுக்குவது பிரபாகர்தான். எலும்பில்லாமல், மெத்துமெத்தென்று, தொட்டால் உள்ளே போய் வெளியே வருகிற எதுவும் அவளுக்கு ஆகாது. இதுதான் இந்தக் கதையின் நடுமுடிச்சு, இதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், நமக்குத் தெரிந்தால் போதும். முதல் ஸ்கேனில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்கள், பாருங்க, இதுதான் தலை, இது முதுகு. பிரபாகர் அழுதுவிட்டான், வெறுங்கையால் தேங்காய் உடைக்கிறவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். வாணி பார்த்தாள். சாம்பல் நிறத்தில் வளைந்து கிடந்த ஒன்று சட்டென்று துள்ளியது. புழு, என்று அவள் மனசு சொல்லிவிட்டது. சொல்லாதே என்பதற்குள் சொல்லிவிட்டது. அடிப்பாவி, பெறப்போகிற பிள்ளையைப் பார்த்து நினைக்கிற நினைப்பா அது. அதற்கப்புறம் எஸ்தர் குழந்தை. எஸ்தர் அவள் லைனில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறவள், பிரசவமாகி முப்பது நாள் கழித்துப் பார்க்கப் போனபோது, உனக்கும் பழகட்டும் வாணி என்று சிரித்துக்கொண்டே தூக்கிக் கையில் வைத்துவிட்டாள். சூடாக, ஈரமாக, கழுத்து நிற்காமல், கைக்குள் அது நெளிந்தது. வாணிக்கு உச்சியிலிருந்து புல்லரித்தது. கை வலிக்குது எஸ்தர், என்று உடனே திருப்பிக் கொடுத்தாள். வலியும் இல்லை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வருகிற வரைக்கும் யோசித்தாள், நாளைக்கு இதையும் துணியில் சுற்றி என் கையில் வைப்பார்கள், சுற்றி எல்லாரும் நின்று என் மூஞ்சியைப் பார்ப்பார்கள், அப்போதும் எனக்குப் புல்லரித்தால் நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?

இப்போதும் புல்லரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாம்பு இல்லை என்றான பிறகும் என்னவோ அந்த உத்தரவு மட்டும் அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பாமல் வைத்திருந்தது. புழுவை இதுவரை அவள் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அரை விநாடி பார்ப்பாள், கத்துவாள், அதற்குள் யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள். பழக்கதோஷம், கையில் ஒரு பீஸ் வந்தால் மேலிருந்து கீழே பார்த்துத் தள்ளுகிற கண், இதையும் பார்க்க ஆரம்பித்தது. உடம்பு ஓரமாகத் தலையிலிருந்து கொம்பு வரை ஒரு வெள்ளைக் கோடு. அதை ஒட்டிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி, ஒன்றுக்கொன்று இடைவெளி தப்பாமல். டாப் ஸ்டிச், அச்சு அசல் மேல்தையல். அவள் குனிந்தாள், குனிய முடிந்த மட்டும். ஒரு தையல் விடவில்லை. அந்தப் பக்கமும் அதே மாதிரி இருக்குமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள், இருந்தது. நூல் பிசிறு இல்லை, சுருக்கம் இல்லை, கண்ணுக்கு வைத்த இரண்டு பட்டனும் ஒரே மட்டத்தில். இந்தப் பீஸைத் திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடையாது என்று அவளுக்குள் இருந்த செக்கிங் வாணி சொன்னாள். அது பாட்டுக்கு இலையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு இலை முடிந்தது, நரம்பைக்கூட விடவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, அடுத்த இலை எங்கே, எங்கே, என்று அவசரமாகத் தேடியது. அந்தத் தேடலில் ஒரு பதற்றம் இருந்தது. இங்கேதான் இருக்குது பாரு, இந்தப் பக்கட்டு, என்று வாணி மனசுக்குள் சொன்னாள். அது அந்தப் பக்கட்டுப் போனது. இவ்வளவு பெரிய முழிக்கண்ணை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற இலை தெரியவில்லை அதற்கு. ஊரையே மிரட்டுகிற மூஞ்சி, உள்ளே பார்த்தால் பட்டாணித் தலையும் பசியும். இவளைப் பார்த்துத்தான் அது அப்படிக் கல்லாகச் சமைந்திருக்கிறது, இவள் அதைப் பார்த்து. அட, ரெண்டு பேரும் பயந்துபோய் இவ்வளவு நேரம் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாள். வயிறு குலுங்கியது, வளையல் குலுங்கியது. அதற்குக் காது இல்லை போலிருக்கிறது, தின்றுகொண்டே இருந்தது.

சிரித்து நிமிர்ந்தபோதுதான் கீழ்க்கிளையில் அதைப் பார்த்தாள். முதலில் இலை என்றுதான் நினைத்தாள், இலைக்கு எதற்கு மிலிட்டரி டிசைன் என்று அப்புறம் தோன்றியது. போன வருஷம் எக்ஸ்போர்ட்டுக்கு அடித்துத் தள்ளினார்களே, பச்சையில் அடர்பச்சையும் வெள்ளையும் லேசான ரோஸும் திட்டுத்திட்டாக, அந்தத் துணியில் வெட்டின மாதிரி இரண்டு இறக்கை, ஜெட் விமானம் மாதிரி பின்னால் சாய்ந்து. பெரிய அந்துப்பூச்சி. அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நேற்று விளக்கு வைக்கிற நேரம் ஞாபகம் வந்தது. அந்தி நேரம் வெளியே வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், அம்மா டிவியில் மூழ்கின சமயம் பார்த்து இவள் பின்வாசலில் வந்து நின்றாள், காற்றுக்காக. பூக்களுக்கு முன்னால் ஒன்று அந்தரத்தில் நின்று, இறக்கை தெரியாத வேகத்தில் அடித்து, ஒவ்வொரு பூவாகக் கேட்டுக் கேட்டுப் போனது. தேன்சிட்டு என்று நினைத்தாள், இருட்டில் என்ன தேன்சிட்டு என்றும் நினைத்தாள். இதுதான் அது. அறிவியல் புத்தகத்தில் படம் போட்டு அம்புக்குறி போட்டுப் படித்ததுதான், முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினதுதான், ஆனால் அம்புக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செடியில் இருக்கும் என்று யார் நினைத்தது. இதோட அம்மாவா இருக்குமோ? இதோட அம்மா எப்போதோ போயிருக்கும், இது வேறு ஒருத்தியாக இருக்கும், எப்படியோ, ஒருத்தி. ஒருத்தி ஒரு அந்தியில் வந்திருக்கிறாள். அவளை வெளியே வராதே என்று யாரும் சொல்லவில்லை. பேசு புள்ள என்று சொல்லவில்லை. பாசம் வந்ததா வரவில்லையா என்று ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவும் இல்லை. ஆயிரம் செடி இருக்கிற ஊரில் இந்தச் செடிதான் என்று தேடிக் கண்டுபிடித்து, இலைக்கு அடியில் மழை படாமல் முட்டையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, ஒரு தையல் பிசகாமல். சரியான இலையில் கொண்டுவந்து வைத்தால் போதுமா, அவ்வளவுதானா, மிச்சமெல்லாம் அதுவாகப் பார்த்துக்கொள்ளுமா? ரத்தம் ஏறுவதற்கு முருங்கைக்கீரையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் தின்கிறாளே வாணி, பிடிக்காத பாலைக் குடிக்கிறாளே, பன்னண்டு மணி வெயிலில் பஸ் ஏறி ஊசிக்குப் போனாளே, அதெல்லாம் எந்தக் கணக்கு. நெஞ்சுக்கூட்டில் எங்கேயோ ஒரு கொக்கி கழன்றது. சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, காலை வெயிலில் ஒரு புழுவும் பூச்சியும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு வரக்கூடாத அளவுக்குச் சந்தோஷம்.

"இன்னும் அங்கயே இருக்குதா கண்ணு? கண்ண எடுக்கலையே?" சந்தில் அம்மா குரல். பின்னால் செல்லமுத்தண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீள மூங்கில் தடியோடு வந்தார். மீசையில் டீ ஆடை இருந்தது. "தள்ளி நில்லு சாமி" என்று தடியை ஓங்கினவர், கண்ணை இடுக்கிப் பார்த்தார். தடி மெல்ல இறங்கியது. "ஏனுங்க தங்கமணி, இதுக்கா என்னய மெனக்கெட்டுக் கூட்டியாந்தீங்க? இது புழுவுங்க!"

அம்மா எட்டிப் பார்த்தாள். பயம் போன இடத்தில் வெட்கமும், வெட்கம் போன இடத்தில் கோபமும் வந்து உட்கார்ந்தது. "புழுவா? கருமாந்திரம் புடிச்சது, என்ர உசுரயே எடுத்துப்போடுச்சே. அண்ணா, பாம்புன்னாத்தான் பாவம், புழுவுக்கு என்ன, கீழ தட்டி உட்டு நசுக்கிப்போடுங்க. உட்டா செடியவே மொட்டையடிச்சுப்போடும்." செல்லமுத்தண்ணன் வந்த காரியத்தைச் சும்மா விட்டுப் போக மனசில்லாமல் தடியை மறுபடி நீட்டினார். தடியின் நுனி கிளையைத் தொட்டது. புழு தலையை உள்ளே இழுத்துக் கழுத்தை உப்பிக்கொண்டு, அந்த இரண்டு பட்டன் கண்ணையும் காட்டி அவரை முறைத்தது. அவ்வளவுதான் அதனிடம் இருப்பது. அதற்கு மேல் அதற்கு ஒன்றுமே இல்லை என்பது அந்தப் பொடக்காலியில் வாணிக்கு மட்டும்தான் தெரியும்.

"தொடாதீங்க!" கம்பெனியில் மிஷின் சத்தத்தை மீறி லைன் கடைசி வரைக்கும் போகிற குரல். செல்லமுத்தண்ணன் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வாணி அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு செடிக்கும் தடிக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள். எப்போது போனாள் என்று அவளுக்கே தெரியாது. "பசிக்கு இலை திங்குது, அதுக்குப் போயி தடிய எடுத்துட்டு வருவாங்களா? செடி தழைச்சுக்கும். நீங்க போங்கண்ணா, அம்மா டீ வெச்சுக் குடுக்கும்."

"டீ ஆச்சுங்களே" என்று செல்லமுத்தண்ணன் சொல்லிப் பார்த்தார். அம்மா மகளைப் பார்த்தாள். கத்திரிக்காய்க்குள் ஒன்று நெளிந்தால் தெருவையே எழுப்புகிறவள், விரலை நீட்டி, நுனியால், அந்தப் பச்சை முதுகில் தொட்டுக்கொண்டிருந்தாள். மெத்தென்று இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. புல்லரித்தது, ஆமாம், அப்போதும் புல்லரிக்கத்தான் செய்தது. புல்லரித்தபடியே கையை எடுக்காமல் வைத்திருந்தாள். உப்பின கழுத்து மெல்ல இறங்கியது. பட்டாணித் தலை வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து இலையைப் பிடித்தது.

"மெல்லத் தின்னு சாமி. ஆரும் ஒன்னய ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அம்மா இங்கதான் நிக்கறன்."

"ஏன்டி, புழுவுக்கா சாமிங்கற? புழுவுக்கா நீ அம்மா?" தங்கமணி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

வாணி செடியிலிருந்து கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். "புழுவுக்கில்லம்மா" என்றாள். சொல்லி முடித்தபிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது.